பூ ஓயும் வரை

அக்டோபர் 21, திங்கள்

இது விதைக் கம்பெனி கொடுத்த டைரி. தினமும் பருத்திக் காட்டில் என்ன வேலை நடந்தது என்று எழுதி வைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் செங்கோட்டுவேலுக்கு எழுத்தென்றாலே வேப்பங்காய். நாத்தனார் ரேணுகா டிகிரி முடித்தவள், ஆனால் அவளிடம் கொடுத்தால் கோலம் போட்டு வைப்பாள். ஆக, வழக்கம்போல இளிச்சவாய் கலாமணி தலையில் விழுந்தது.

இன்று கிராசிங் ஆரம்பம். பருத்திப் பூவில் ஆணும் பெண்ணும் ஒரே பூவுக்குள் குடியிருக்கிறார்கள். விட்டால் தன் தூள் தன் மேலேயே விழுந்து காய்த்துவிடும். அந்த விதை கம்பெனிக்கு வேண்டாம், இரண்டு ரகம் சேர்ந்த ஒட்டு விதைதான் வேண்டும். அதனால் மதியம் மூன்று மணிக்கு மேல், மறுநாள் விரியப் போகிற மொட்டாகப் பார்த்து, அடியில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து ஒரு திருகு. இதழும் அதோடு ஒட்டிய மகரந்தக் குழலும் மொத்தமாகக் கழன்று வந்துவிடும். நடுவில் சூல்தண்டு மட்டும் மொட்டையாக நிற்கும். அதற்குச் சிவப்புத் தாளில் ஓர் உறை மாட்ட வேண்டும். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மேல், ஆண் செடி என்று தனியாக நட்டிருக்கும் வேறு ரக வரிசையில் விரிந்த பூவைப் பறித்து வந்து, உறையை எடுத்துவிட்டு, சூல்முடியில் தூளைத் தடவ வேண்டும். மதியத்துக்குள் தடவாவிட்டால் அந்தப் பூ போச்சு. ஒரு பூவுக்கு ஒரே ஒரு காலைதான்.

பன்னிரண்டு பெண்கள் காலனியிலிருந்து வந்திருக்கிறார்கள். நவமணிதான் அவர்களுக்குத் தலைவி. ஆனால் ரேணுகா கை வேகத்துக்கு எவளும் கிட்ட வர முடியாது. இதற்காகவே ஆடி மாதத்திலிருந்து நகம் வளர்த்தாள்.

அக்டோபர் 24, வியாழன்

கம்பெனி ஃபீல்டுமேன் பரிதி வந்தான். பக்கத்து ஊர்க் காலனிப் பையன், விவசாயம் படித்தவன். பைக்கை வரப்பிலேயே நிறுத்திவிட்டு வரிசை வரிசையாகப் பார்த்தான். தூள் பிசுபிசுப்பாக இருப்பதால் காற்று தூக்காதாம், தேனீதான் தூக்க வேண்டுமாம். இதழ் போன மொட்டைத் தேனீ சீண்டாது. அதனால்தான் எங்களுக்கு இந்தப் பிழைப்பு.

"எத்தனை நாளைக்குத்தான் தம்பி பூத்துக்கிட்டே இருக்கும்? இடுப்பு ஒடியுது," என்றேன்.

"காய் நல்லாப் பிடிச்சிட்டா தானா நின்னுடும்ங்க. செடிக்கு விதை கிடைச்சாச்சு, அப்புறம் எதுக்குப் பூக்கணும்? பிஞ்சு நிக்கலைன்னாத்தான் விடாம மொட்டு விட்டுக்கிட்டே இருக்கும்."

இதை என்னைப் பார்த்துச் சொன்னான். ஆனால் கண் நாலாவது வரிசையில் இருந்தது. நாலாவது வரிசையில் ரேணுகா குனிந்த தலை நிமிராமல் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் எதையும் பார்க்கவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

பார்த்துவிட்டார்கள். இவருடைய பெரியப்பா மகன் ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் ரேணுகாவையும் பரிதியையும் ஒரே பெஞ்சில் பார்த்திருக்கிறான். ரேணுகா வீடு வந்து சேர்வதற்குள் செய்தி வந்துவிட்டது.

இவர் கதவைத் தாழிடவில்லை. அடிப்பதை ஊர் பார்க்கட்டும் என்றுதான் திறந்தே வைத்தார். முதலில் செல்போனைச் சுவரில் அடித்து உடைத்தார். அப்புறம் பெல்ட். அவள் "அண்ணா, அண்ணா" என்று கத்தினாள், அப்புறம் கத்துவதையும் நிறுத்திவிட்டாள். முதுகு, தொடை, முகம். தலைமுடியைச் சுருட்டிப் பிடித்து நிலைப்படியில் மோதினார். அவள் கையை நீட்டித் தடுத்தபோது, கையை ஒதுக்கிவிட்டு மற்ற இடத்தில் அடித்தார். எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. நாளைக்கு மொட்டு உரிக்க அந்தக் கை வேண்டுமே.

நான் குறுக்கே போனேன். எனக்கும் இரண்டு விழுந்தது. அத்தை அடுப்படியில் உட்கார்ந்து முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டிருந்தார். தான் பெற்ற மகள்.

இதை இவர் படித்தால் படிக்கட்டும். அடித்தவருக்கு அடித்தது தெரியாதா என்ன? இந்த டைரியில் எல்லோருக்கும் தெரிந்ததை எழுதுவேன். எனக்கு மட்டும் தெரிந்ததை எழுத மாட்டேன்.

அக்டோபர் 28, திங்கள்

ரேணுகா வேலைக்கு வந்தாள். வரவழைத்தார்கள் என்று எழுத வேண்டும். ஒரு கண் மூடிக்கிடந்தது. பெண்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் வரிசை மட்டும் எல்லோருக்கும் முன்னால் முடிந்தது.

மதியம் நவமணி என் பக்கத்து வரிசைக்கு வந்து, குனிந்தபடியே சொன்னாள். "அம்மணி, நேத்து அந்தப் பையன ஏரிக்கரைல மடக்கி இரும்புக் குழாயில அடிச்சிருக்காங்க. காலு ரெண்டா ஒடிஞ்சு போச்சு. பெரியாஸ்பத்திரில கெடக்கறான்."

"உசுரு?"

"உசுரு இருக்குதுங்க. ஆறு வாரம் மாவுக்கட்டாம்."

இவர் நேற்று சட்டையை ஏன் தானே துவைத்துப் போட்டார் என்பது இப்போது தெரிந்தது. கல்யாணமான இந்த ஒன்பது வருடத்தில் ஒரு கைக்குட்டை துவைத்ததில்லை.

அக்டோபர் 30, புதன்

பெரிய மாமனார் வந்தார். இவருடைய பெரியப்பா. ஊரில் அவர் சொன்னால் சொன்னதுதான். நாற்காலியில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தார். நான் சொம்போடு நின்றேன், என்னை ஓர் ஆளாகவே மதிக்கவில்லை. அதனால் எல்லாம் என் காதில் விழுந்தது.

"பையன் விசயம் முடிஞ்சுது. புள்ளை விசயம் பாக்கி," என்றார்.

"சொல்லுங்க பெரியப்பா," என்றார் இவர்.

"அவசரப்படாத வேலு. பன்னெண்டு பொம்பளைக தெனம் உன்ற காட்டுக்கு வந்து போறாளுக. பன்னெண்டு வாயி. கிராசிங் முடியட்டும், அவளுக கணக்கை முடிச்சு அனுப்பு. அப்புறம் வயித்துவலி தாங்காம பருத்தி மருந்தைக் குடிச்சுட்டாள்னா எவன் கேக்கப் போறான்? காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சுப்புடலாம்."

இவர் தலையை ஆட்டினார். ஆட்டினார் என்றுதான் எழுத முடியும். கூடப் பிறந்தவளை.

அத்தைக்குச் சொன்னார்களா என்று தெரியவில்லை. ரேணுகா இருக்கும் அறைச் சாவி அத்தை இடுப்பில்.

போலீசுக்குப் போகலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. போன மாதம்தான் அந்த ஏட்டு இவரோடு உட்கார்ந்து கறிச்சோறு தின்றுவிட்டுப் போனார். நினைப்பு வந்த வழியே போய்விட்டது.

நவம்பர் 2, சனி. தீபாவளி

பூவுக்குத் தீபாவளி தெரியுமா? எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு காட்டுக்குப் போனோம். ரேணுகாவுக்குப் புதுச் சேலை எடுத்திருந்தார் இவர். நல்ல பச்சை. சாகடிக்கப் போகிறவளுக்குச் சேலை எதற்கு என்று தொண்டைவரை வந்தது, விழுங்கிவிட்டேன். ரேணுகா அதைப் பிரிக்கவே இல்லை.

வரப்பில் தண்ணீர் குடிக்கும்போது அவளிடம் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கத் தெரியாத வாய் எனக்கு.

"பூ நின்னா உன்னைய முடிச்சுருவாங்க ரேணு."

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். "தெரியும் அண்ணி. அண்ணன் மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது." பக்கத்துச் செடியின் கிளையை விலக்கிப் பார்த்தாள். "இது இன்னும் எத்தனை நாள் பூக்கும்?"

"காய் நல்லாப் பிடிச்சிருக்குது. நவம்பர் பாதிக்கு மேல தாங்காது."

"அவர் கால்ல கட்டுப் பிரிக்க டிசம்பர் ஆகும்."

"அவனை விடு. நீ ஓடு."

"எங்க ஓட? பஸ் ஏறும் முன்னாடி பிடிச்சுருவாங்க. கூட்டிட்டுப் போக வெளியில ஒரு ஆள் வேணும் அண்ணி."

அவள் ஒரு பிஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். அவ்வளவுதான். மீதியை எழுத மாட்டேன்.

நவம்பர் 6, புதன்

காய் உதிர்கிறது. வெயிலோ, பூச்சியோ, யார் கண்டது.

நவம்பர் 11, திங்கள்

செடியெல்லாம் மறுபடி மொட்டு விடுகிறது. இவருக்கு ஒரே பெருமை. "நம்ம காடு மாதிரி எவன் காடும் பூக்கலடி," என்று டீக்கடையில் சொல்லிவிட்டு வந்து என்னிடமும் சொன்னார். பக்கத்துக் காடுகளில் பூ பாதியாகிவிட்டது. எங்கள் காட்டில் பெண் வரிசையெல்லாம் சிவப்பு உறை, ஆண் வரிசையில் பறித்தது போக மீதிப் பூ காலையில் மஞ்சள், மாலையில் ரோஸ். பருத்திப் பூ பகலெல்லாம் மஞ்சளாக நின்று, சாயந்தரம் சிவந்து, மறுநாள் விழுந்துவிடும்.

சாப்பிடும்போது அத்தை வழக்கமான பாட்டை எடுத்தார். "ஊரான் செடிக்கெல்லாம் காய் வைக்கத் தெரியுது. இவளுக்கு ஒண்ணு வைக்கத் துப்பில்ல."

வைத்தேன் அத்தை. இரண்டு தடவை வைத்தது. முதல் தடவை மூன்றாம் மாதம், குழம்பில் உப்பு கூடிப் போனதற்கு உங்கள் மகன் எட்டி உதைத்தார். அடுத்தது நாலாம் மாதம், அதற்குக் காரணம்கூட நினைவில்லை. உங்களுக்குத் தெரியும். தொட்டியில் தண்ணீர் நிரப்பி அந்தத் துணிகளை அலசினதே நீங்கள்தான். இதையெல்லாம் அங்கே சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

நவம்பர் 15, வெள்ளி

கம்பெனி புது ஃபீல்டுமேனை அனுப்பியது. மீசை முளைக்காத பிள்ளை, எதற்கெடுத்தாலும் "சார்" என்கிறான். செடியை விலக்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"பூ இவ்வளவு இருக்கு, காய் பிடிமானம் கம்மியா இருக்கே சார்."

இவர் திரும்பினார். நவமணி பக்கத்தில் நின்றாள். ஒரே அறை. அவள் செடிக்குள் போய் விழுந்தாள். "ஒழுங்கா தடவறீங்களாடி? இல்ல கதை பேசிக்கிட்டு நிக்கறீங்களா?"

நவமணி எழுந்தாள், புடவை மண்ணைத் தட்டினாள், உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டு மறுபடி பூவைக் கையில் எடுத்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்க அவளுக்கு ஒரு வார்த்தை போதும். அவள் எல்லாம் பார்த்தவள்.

சாயந்தரம் அவளுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் வீட்டு டம்ளரில். "மன்னிச்சுக்கக்கா," என்றேன். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அக்கா என்றேன்.

"அட விடுங்கம்மணி. எனக்கும் ஒரு புள்ளை இருக்கறா," என்றாள்.

நவம்பர் 20, புதன்

காய் உதிராமலிருக்க மருந்து வாங்கி வந்து அடித்தார். உதிர்வது நிற்கவில்லை. நிற்காது.

கட்டைவிரல் நகம் இடுக்கில் பச்சைக் கறை. எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாலும் போகமாட்டேன் என்கிறது.

நவம்பர் 24, ஞாயிறு

இன்று ஒரு விஷயத்தால் மனது ஆறவில்லை. பன்னிரண்டு பெண்கள் இடுப்பொடிய மொட்டு உரித்து, மறுநாள் தூள் தடவி, நாலைந்து நாளில் கடலை அளவு பிஞ்சு உட்காருகிறது. அதைப் பார்த்தால் யாருக்கும் ஆசையாகத்தான் இருக்கும். எனக்கும் இருக்கிறது. தொட்டால் குளிர்ச்சியாக இருக்கிறது. செடி என்ன பாவம் செய்தது? ஒவ்வொரு தடவை கிள்ளும்போதும் கை கூசுகிறது. எழுந்து குளத்தில் விழுந்துவிடலாம் போல இருக்கிறது.

எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுதுகிறேன். போகட்டும், இந்த வரிகளைக் கோடு போட்டு அடிக்கப் போவதில்லை.

நவம்பர் 28, வியாழன்

பெரிய மாமனார் மறுபடி வந்தார். காட்டுக்கே வந்துவிட்டார். பூவைப் பார்த்தார், ரேணுகாவைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். அவர் கண் எனக்குப் பிடிக்கவில்லை.

"என்ன வேலு, மார்கழி வரைக்கும் பூக்குமாட்ட இருக்குது? ஊர்ல எல்லாத்துக்கும் ஓஞ்சு போச்சு."

"நல்ல மண்ணுங்க பெரியப்பா."

"மண்ணு கிடக்கட்டும். அந்தப் பையன் ஆஸ்பத்திரில இருந்து வந்துட்டானாம். பூ இருந்தாலும் சரி, இல்லைன்னாலும் சரி, ஆறாந்தேதிக்கு மேல காத்திருக்காத. ஆறாந்தேதி சாயந்தரம் ஆண் செடியெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு ஆளுகளை அனுப்பிச்சுரு."

ஆண் செடியைப் பிடுங்கினால் கிராசிங் முடிந்தது என்று அர்த்தம். தூளுக்கு வழியில்லை, பூத்தாலும் உபயோகமில்லை. இவர் சரி என்றார்.

ரேணுகா ஆண் வரிசையில்தான் நின்றாள். பூ பறித்த கை நிற்கவில்லை. நான்தான் வரப்பில் உட்கார்ந்து விரல் விட்டு நாளை எண்ணினேன்.

டிசம்பர் 2, திங்கள்

நவமணியக்கா வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மெயின் ரோடு வரை போய்வர வேண்டும் என்று கேட்டாள். போய்வா என்றேன். அவ்வளவுதான் விஷயம்.

டிசம்பர் 5, வியாழன்

நாளைக்கு வெள்ளி. சாயந்தரம் வரைக்கும் மொட்டு உரித்தோம். நாளைக்கு யார் தடவப் போகிறார்கள் என்று தெரியாமலே அத்தனை மொட்டையும் உரித்து, அத்தனைக்கும் சிவப்பு உறை மாட்டினோம். ரேணுகா ஒன்றுகூட விடவில்லை. "விட்டா சந்தேகம் வரும் அண்ணி," என்றாள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தை இரண்டு தடவை என்னடி என்று கேட்டார். தலைவலி என்றேன்.

டிசம்பர் 8, ஞாயிறு. ஆஸ்பத்திரி

இடது கை இரண்டு இடத்தில் ஒடிந்திருக்கிறது. விலாவில் விரிசல். மேல் பல் ஒன்று இல்லை. வலது கை நன்றாக இருப்பதால் எழுதுகிறேன். டைரி கூடைப் பையில் இருந்ததாம், நவமணியக்கா பையோடு கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனாள். இனி மறைக்க ஒன்றுமில்லை. நடந்தது அத்தனையும் எழுதுகிறேன்.

திட்டம் இதுதான். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு சேலத்திலிருந்து ஒரு வக்கீலம்மா கார் கொண்டுவந்து மெயின் ரோட்டில் நிறுத்துவார். பரிதி ஊன்றுகோலோடு காருக்குள் இருப்பான். கிராசிங் நேரத்தில் எவளும் பூவை விட்டுத் தலை நிமிர மாட்டாள். இவரும் அந்த நேரத்தில் டீக்கடைக்குப் போய்விடுவார். ரேணுகா ஆண் வரிசை வழியாகப் பூ பறிக்கிற மாதிரியே போய்ச் சோளக்காட்டைத் தாண்டிவிட வேண்டும். எல்லாம் நவமணியக்கா ஏற்பாடு.

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் இவர் வந்தார். கூடவே அந்தப் புது ஃபீல்டுமேன். கம்பெனியில் திட்டு வாங்கியிருப்பான் போல, ஒவ்வொரு செடியாகக் கிளையை விலக்கிப் பார்த்துக்கொண்டே வந்தான். என் வரிசையில் நின்றான்.

"சார், இது தானா உதிரலை. தானா உதிர்ந்தா காம்போட விழும். இங்க பாருங்க, காம்பு செடியிலயே நிக்குது. யாரோ நகத்தால கிள்ளியிருக்காங்க."

பாவம், அவனுக்கென்ன தெரியும்? படித்ததைச் சொன்னான்.

இவர் குனிந்து பார்த்தார். இன்னொரு செடியைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து ரேணுகா எங்கே என்று பார்க்கத் தலையைத் திருப்பினார். அவள் மூன்று வரிசை தள்ளி நின்றாள். கையில் ஆண் பூ. ஓடவும் தோன்றாமல், அப்படியே நின்றுவிட்டாள்.

எனக்கு வாய்தான் ஆயுதம். பிறந்த வீட்டிலும் அதற்காகத்தான் திட்டு வாங்கினேன், புகுந்த வீட்டிலும் அதற்காகத்தான் அடி வாங்கினேன்.

"அவளை எதுக்குய்யா பாக்கற? நான்தான் கிள்ளினேன்!" என்று கத்தினேன். "ஒண்ணொண்ணா கிள்ளினேன். மடில கட்டிட்டுப் போயி வாய்க்கால்ல கொட்டினேன். பூ நின்னா அவளைக் கொல்லறதுக்குத் தலையாட்டினியே, அதுக்காகக் கிள்ளினேன்!"

அவர் என் பக்கம் திரும்பினார். அதுதான் எனக்கு வேண்டும். மண்வெட்டி வரப்பில் கிடந்தது. காம்பைத் திருப்பிப் பிடித்து முதல் அடி தோளில். நான் விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்து பார்த்தேன், நவமணியக்கா ரேணுகாவின் கையைப் பிடித்துவிட்டாள். ரேணுகா என்னை நோக்கி வரப் பார்க்கிறாள். இழுத்துக்கொண்டு போ அக்கா, இழுத்துக்கொண்டு போ என்று மனசுக்குள் அலறுகிறேன்.

இரண்டாவது அடியைக் கையால் தடுத்தேன். எலும்பு ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. ஃபீல்டுமேன் "சார், சார்" என்று அழுதான். இவர் மூச்சு வாங்கினார், மறுபடி அந்தப் பக்கம் தலையைத் திருப்பப் பார்த்தார். இன்னும் நேரம் வேண்டும். சோளக்காடு வரை போக வேண்டாமா?

இவரை எதைச் சொன்னால் பித்துப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

"பருத்திக் காய் போனதுக்கு இவ்வளவு கோவம் வருதா உனக்கு? என் வயித்துல இருந்த ரெண்டையும் ஒதைச்சே கொன்னியே, அப்ப எங்க போச்சு கோவம்? நீயெல்லாம் ஒரு ஆம்பளையா? உங்கிட்டயிருந்து தப்பிச்சுதுகளே, அதுகளாவது புண்ணியம் பண்ணுச்சுங்க!"

பன்னிரண்டு பெண்கள் காதிலும் விழுந்தது. அவருக்குக் கண் தெரியவில்லை, காது கேட்கவில்லை. காம்பை எறிந்துவிட்டுக் காலால் உதைக்க ஆரம்பித்தார். வாய், விலா, வயிறு. நான் நிறுத்தவில்லை. பல் விழுந்த வாயோடு இன்னும் கெட்ட வார்த்தை எத்தனை உண்டோ அத்தனையும் சொன்னேன். ஒவ்வொரு உதைக்கும் ஒரு வார்த்தை. செடிகளுக்கு அடியில் கண் பார்த்துக்கொண்டே இருந்தது. இரண்டு ஜோடிக் கால்கள் ஆண் வரிசை வழியாகப் போயின. அப்புறம் தெரியவில்லை. அதன்பின்தான் வாயை மூடினேன்.

மீதிப் பெண்கள் மொத்தமாக வந்து அவர்மேல் விழுந்து பிடித்து இழுத்தார்கள் என்று ஃபீல்டுமேன் சொன்னான். எனக்கு நினைவில்லை. அவன்தான் ஆம்புலன்சுக்குப் போன் செய்திருக்கிறான்.

கார் போய்விட்டது என்று நவமணியக்கா காதோடு சொன்னாள். பெரிய மாமனார் ஆட்கள் பஸ் ஸ்டாண்ட் பஸ் ஸ்டாண்டாகத் தேடுகிறார்கள். இவர் நேற்று காலை ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். ரேணுகாவை எங்கே அனுப்பினேன் என்று என்னிடம் கேட்டுவிட்டுத் தேடக் கிளம்பத்தான்.

டாக்டரிடம் அத்தை முந்திக்கொண்டார். "மோட்டார் ரூம் படியில விழுந்துட்டா சார்." டாக்டர் என்னைப் பார்த்தார். அப்புறம் ஒரு போலீஸ்காரம்மாவை வரச் சொன்னார். எங்கள் ஊர் ஸ்டேஷன் இல்லை, ஆஸ்பத்திரியிலேயே இருப்பவர். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"விழுந்தீங்களா?"

"அடிச்சாங்க. என் வீட்டுக்காரர். பேரு செங்கோட்டுவேல். எழுதிக்குங்க." எல்லாம் சொன்னேன். ஏரிக்கரை, இரும்புக் குழாய், பெரிய மாமனார் மோர் குடித்துக்கொண்டு சொன்னது, ஆறாந்தேதி. கலைந்துபோன இரண்டையும் சேர்த்துச் சொன்னேன். அந்தம்மா எழுதி முடித்துத் தாளை என் பக்கம் திருப்பினார்.

"கையெழுத்துப் போட்டா இவங்களை உள்ள வைப்போம். அப்புறம் அந்த வீட்டுக்கு நீங்க திரும்பிப் போக முடியாதும்மா. யோசிச்சுக்குங்க."

"வெளியில இருந்தா அவளைத் தேடிப் பிடிச்சுக் கொன்னுருவாங்கம்மா. யோசிக்கறதுக்கு ஒண்ணுமில்ல." போட்டுவிட்டேன்.

அத்தை எல்லாவற்றையும் கால்மாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கத்துவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். இவரைக் கீழே ஜீப்பில் ஏற்றுகிற சத்தம் ஜன்னல் வழியாக வந்தது. எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் ஒரு டம்ளரில் கஞ்சியை ஆற்றி, என் தலையைத் தூக்கிப் பிடித்து, பல் இல்லாத பக்கமாகப் பார்த்து ஊற்றினார்.

"புள்ளை போயிட்டாளா?" என்று கேட்டார். சத்தமே வரவில்லை, உதடுதான் அசைந்தது.

"போயிட்டா அத்தை."

"எந்தப் பக்கம்னு எங்கிட்டச் சொல்லீராத கலா." கஞ்சியை மறுபடி ஆற்றினார். "அவங்க கேட்டா நான் சொல்லிப்புடுவேன்."

நான் சொல்லவில்லை. அவர் இன்னொரு வாய் ஊற்றினார்.